வழிந்தோடும் தண்ணீர் யாருக்கு?



இந்த மாதத் தலையங்கத்தில் சம்பளத்தைப் பற்றி எழுதுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சம்பளத்தை உள்பக்கத்தில் எழுதியிருக்கிறோம். தலையங்கத்தைத் தண்ணீருக்கு விட்டிருக்கிறோம். போன மாதம் எங்கள் தோட்டக் கமிட்டிக் கூட்டம் தண்ணீரால் இரண்டுபட்டு, ஒரு முடிவும் எடுக்காமல் கலைந்தது. சங்கத்துக்குள் நடந்ததைச் சங்கப் பத்திரிகையில் போடலாமா என்று சிலர் கேட்டார்கள். போடத்தான் வேண்டும் என்று நினைக்கிறோம். இதே தகராறு இன்னும் பல தோட்டங்களில் பேசப்படாமல் கிடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. சண்டை மூட்டுவது எங்கள் நோக்கமல்ல.

மேல் டிவிஷனுக்குக் குழாய்த் தண்ணீர் வந்து ஒன்றரை வருடமாகிறது. அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதை நாம் சீக்கிரமே மறந்துவிட்டோம். லயத்துக்குப் பின்னால் ஒரே ஒரு பீலி. விடிய மூன்றரைக்கே குடங்கள் வரிசை கட்டிவிடும். ஆள் நிற்காது, குடம்தான் நிற்கும். குடத்தைத் தள்ளி வைத்ததாக எத்தனை சண்டை! தண்ணீருக்கு நின்று பிரட்டுக்குப் பிந்திப் போய் அரைப்பேர் வாங்கிய பெண்கள் எத்தனை பேர்! மழைக்காலத்தில் பீலியில் வருவது தேத்தண்ணி நிறத்தில் வரும். ஒரு வருடம் செங்கமாரி வந்து ஒரே வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று வாரம் பள்ளிக்கூடம் வரவில்லை. வந்தபோது கண் வெள்ளை இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. அவர்களுக்கு நாங்கள் படிப்பித்த சுகாதாரப் பாடம் 'சுத்தமான நீரைப் பருகுவோம்' என்பது. அந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதும்போது எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது குழாயைத் திறந்தால் தண்ணீர். இதற்கு யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். காட்டுத் தொங்கலில் வற்றாத ஊற்று ஒன்று இருக்கிறது என்று அழைத்துக்கொண்டுபோய்க் காட்டியவர், ஓய்வு பெற்ற ஒரு கவ்வாத்துக்காரர். முட்டி வலியோடு தடியூன்றி ஏறினார். குழாய் வாங்கித் தந்தது ஒரு தொண்டு நிறுவனம். மூன்று முறை மனுக் கொடுத்த பிறகு அனுமதி தந்தது தோட்ட நிர்வாகம் (முதல் இரண்டு மனுவும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது). ஊற்றைப் பார்த்து, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இவ்வளவு பேருக்கும் நன்றி சொன்ன பிறகு மிஞ்சுவது நம்முடைய ஆட்கள். பதினான்கு ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் மண்வெட்டியோடு வந்து கிடங்கு வெட்டினார்கள். ஆறு நாள் கொழுந்து பறித்த பெண்கள் ஏழாவது நாள் தலைச்சுமையாக மணலும் சீமெந்தும் மேலே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

தண்ணீர் வந்த நாளில் ஒரு பாட்டி குழாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்தினார். படித்த நாங்கள் கொஞ்சம் சிரித்தோம். பிறகு யோசித்தால் அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? நம் தோட்டங்களில் திருவிழா தொடங்குவதே ஆற்றங்கரையில்தான். கரகம் பாலிப்பது தண்ணீர் ஓரத்தில். பொங்கலுக்குப் புதுப்பானையில் முதலில் ஊற்றுவதும் தண்ணீர். நம்முடைய சனம் தண்ணீருக்குக் கும்பிடு போட்டே பழகியவர்கள்.

சரி, தகராறுக்கு வருவோம்.

மேல் டிவிஷனுக்குக் கீழே, மலை இறங்கிய பள்ளத்தில் கீழ் டிவிஷன் லயம் இரண்டு. 22 குடும்பம், ஏறக்குறைய 100 பேர். அவர்களுக்கு இன்றும் பீலிதான். அந்தப் பீலிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தேயிலை மலைக்கு நடுவே வரும் கானிலிருந்து. அந்த மலைக்கு உரம் போடுகிறார்கள், புல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள். மழை பெய்தால் அவ்வளவும் கானுக்குத்தான் வரும்.

தை மாதக் கடைசியில், வெயில் ஏறிவிட்ட நேரத்தில், எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாங்கியடிக்குப் போனோம். கையில் 20 லீற்றர் கேன் ஒன்று, ஒரு கைக்கடிகாரம். ஊற்றிலிருந்து வரும் குழாயைக் கேனுக்குள் விட்டால் நிரம்ப எத்தனை நேரம்? மூன்று முறை பார்த்தார்கள். 90 செக்கன். மிச்சத்தைப் பிள்ளைகளே கொப்பியில் கணக்குப் போட்டார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு 800 லீற்றர். ஒரு நாளைக்கு 19,200 லீற்றர். மேல் டிவிஷனில் 62 குடும்பம், 280 பேர்.

ஒரு பையன் கேட்டான்: "சேர், தாங்கி நெறஞ்சா எங்க போகும்?" யாருக்கும் பதில் தெரியவில்லை. தாங்கிக்குக் கிட்ட இருக்கிற வீட்டுக்காரர் ஒருவரை இரவில் பார்த்துச் சொல்லச் சொன்னோம். அவர் மூன்று இரவு எழுந்து பார்த்தார். இரவு ஒரு மணிக்குத் தாங்கி நிரம்பிவிடுகிறது. காலை நாலரைக்கு முதல் குழாய் திறக்கும்வரை மேல்குழாயால் வழிகிறது. மூன்றரை மணித்தியாலம், 2,800 லீற்றர். வறட்சிக் காலத்திலேயே இவ்வளவு என்றால் மழைக்காலத்தை நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தண்ணீர் கானில் விழுகிறது. கான் மலைக்குள் இறங்குகிறது. மலையைத் தாண்டிப் போய்க் கீழ் டிவிஷன் பீலியில் விழுகிறது.

கீழ் டிவிஷனில் 100 பேர். அந்த 2,800 லீற்றரைத் தாங்கியிலேயே பிடித்துக் குழாயில் கீழே விட்டால் ஆளுக்கு 28 லீற்றர். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ அது போதும். குளிப்புக்கும் துணிக்கும் ஆறு இருக்கிறது. மேல் டிவிஷனில் ஒரு குடம் குறையாது. இதைத்தான் கமிட்டியில் வைத்தோம். எல்லோரும் கைதட்டுவார்கள் என்று நினைத்தது எங்கள் அனுபவக் குறைவு.

முதலில் எழுந்தவர் சொன்னார்: "பங்குனியில நமக்கே பத்தாது." நியாயமான பயம். அதற்குப் பின்னால் வருகிறோம். இரண்டாமவர் சொன்னார்: "கெடங்கு வெட்ட வந்தாங்களா? பதினாலு ஞாயிறு எங்க போனாங்க?" இதற்கும் கைதட்டல். மூன்றாமவர்தான் மனதில் இருந்ததைச் சொன்னார்: "அவங்க நம்ம சங்கமில்லயே."

உண்மைதான். கீழ் டிவிஷனில் பெரும்பாலானோருக்கு வேறு சங்கத்துக்குத்தான் சந்தா வெட்டுகிறது. நம்முடைய சங்கம் முயற்சி எடுத்துக் கொண்டுவந்த தண்ணீரை ஏன் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் நாளைக்கு நம் சங்கத்தில் ஏன் ஒருவர் சேர வேண்டும் என்பது கேள்வி. தொழிற்சங்கப் பத்திரிகையில் இதற்குப் பதில் சொல்லாமல் ஒதுங்கிப்போவது சரியில்லை. எங்கள் பதில் இது. செங்கமாரிக் கிருமி யாருக்குச் சந்தா வெட்டுகிறது என்று சம்பளத் துண்டைப் பார்ப்பதில்லை. கீழ் டிவிஷன் பிள்ளையும் மேல் டிவிஷன் பிள்ளையும் ஒரே வாங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரே போத்தலில்தான் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். சம்பளத்துக்காகத் தோட்ட அலுவலகத்துக்கு முன்னால் உட்கார்ந்தபோது அவர்களும் நம்மோடு உட்கார்ந்தார்கள். அன்று எந்தச் சங்கம் என்று யாரும் கேட்கவில்லை. சங்கத்தில் ஆள் சேர்ப்பதற்குத் தாகம்தான் வழி என்றால், அப்படிச் சேருகிறவர் தாகம் தீர்ந்ததும் போய்விடுவார்.

சிரமதானத்துக்கு வரவில்லை என்பதைப் பற்றி விசாரித்தோம். விசாரித்தால் தலைகுனிய வேண்டியதாயிற்று. அவர்களை நாம் கூப்பிடவே இல்லை. அறிவித்தல் ஒட்டியது மேல் டிவிஷன் பிள்ளைமடுவத்திலும் பிரட்டுக்களத்திலும்தான். அந்த அறிவித்தலை எழுதியவர்கள் நாங்கள். பிழை எங்களுடையது, அதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

கூட்டத்தில் யாரும் வாய்திறந்து சொல்லாத நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. கூட்டம் முடிந்து இஸ்தோப்பில் நின்று பேசும்போது காதில் விழுந்தது. அந்தக் காலத்துப் பீலியில் யார் முதலில் பிடிப்பது, யார் தள்ளி நிற்பது என்று ஒரு வரிசை இருந்ததை வயதானவர்கள் அறிவார்கள். துரைமாருக்கு எல்லோரும் ஒன்றுதான், கூலிதான். நாம்தான் நமக்குள் படி வைத்துக்கொண்டோம். அதைக் குழாய் காலத்துக்கும் கொண்டுவர வேண்டுமா? இதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. யாருக்குச் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அன்றைய கூட்டத்தில் கீழ் டிவிஷனிலிருந்து ஒரு தாய் வந்து, கதவோரத்தில் நின்றிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை பேசினார்: "எங்களுக்குன்னு ஊத்து வேணாங்க சேர். ராவுல வழியிறத மட்டும் தாங்க. அதத்தான் நாங்க இப்பவும் குடிக்கிறோம். அழுக்காக்கிக் குடிக்கிறோம்." அதற்குப் பிறகு யாரும் அதிகம் பேசவில்லை. ஆனால் முடிவும் எடுக்கவில்லை.

இப்போது பங்குனிப் பயத்துக்கு வருவோம். ஊற்று இன்னும் குறைந்து, இரவில் வழிவதும் நின்றுபோனால் என்ன செய்வது? பிள்ளைகள் அதற்கும் கணக்குப் போட்டார்கள். தை மாதத்து அளவையே வைத்துப் பார்த்தால், 19,200 லீற்றரை 380 பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 50 லீற்றர். குடிப்பு, சமையல், குளிப்பு, துவைப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லீற்றர் வரை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அதன் கீழ்ப்படியில் எல்லோரும் நிற்கலாம். ஊற்று அதையும்விடக் குறைந்தால் குழாயில் துணி துவைப்பதை நிறுத்தி எல்லோரும் ஆற்றுக்குப் போக வேண்டிவரும். மேல் டிவிஷனுக்கு அது கஷ்டம்தான். கஷ்டமே இல்லை என்று எழுதினால் நீங்கள் எங்களை நம்பக் கூடாது. இரண்டு மாதம் ஆற்றுக்குத் துணி மூட்டை தூக்கும் கஷ்டம் ஒரு பக்கம். மருந்துத் தண்ணீரைப் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுக்கும் கஷ்டம் மறுபக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டுக்கே தண்ணீர் போவது நாம் நிற்கும் மலையிலிருந்து. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகிறது. அம்பத்தளையில் அதை எடுத்துச் சுத்தம் செய்துதான் கொழும்பில் குடிக்கிறார்கள். அதே தண்ணீரைக் காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் தேக்கித்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். மவுசாக்கலை வற்றும் காலங்களில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோவில் தலைகாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஊரையே தண்ணீருக்குக் கொடுத்த பகுதி அது. சிவனொளிபாத மலை அடிவாரத்துக்குப் பெயரே நல்லதண்ணி. அந்தப் பெயருள்ள ஊரைச் சுற்றி இருக்கிற நமக்கு நல்ல தண்ணீர் கிடைக்க இவ்வளவு போராட வேண்டியிருப்பது வேறு கதை.

மகாவலியும் நம் மலையில்தான் பிறக்கிறது. 1976இல் இருந்து பொல்கொல்லையில் அதைத் திருப்பிக் கலாவெவ வரைக்கும் கொண்டுபோகிறார்கள். அந்த வறண்ட நாட்டில், மதவாச்சி, பதவிய பக்கம் 1990களிலிருந்து விவசாயிகளுக்குச் சிறுநீரக நோய் பரவலாகக் கண்டுபிடிக்கப்பட்டு வருகிறது. காரணம் இன்னதுதான் என்று மருத்துவர்கள் ஒரே குரலில் சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீரின் மேல் பலமான சந்தேகம் இருக்கிறது. அங்குள்ள சனம் வடிகட்டிய தண்ணீரைக் காசு கொடுத்துக் கேனில் வாங்கிப் போகிறார்கள்.

அந்த மதவாச்சிப் பாதைதான் நம் பாட்டன் பூட்டன் நடந்து வந்த பாதை. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியாக நடந்தவர்களில் வாந்திபேதியிலும் தாகத்திலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023இல், 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனபோது வழியில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று பலரும் வரவேற்றார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தவரிடம் நீ யார் என்று கேட்டதில்லை.

ஆகவே நம் காலடியிலிருந்து போகும் தண்ணீரை நாம் எப்படி அனுப்புகிறோம் என்பதும் இந்தப் பேச்சில் சேர்ந்ததுதான். பிள்ளையின் பம்பர்ஸை ஆற்றில் எறிவதையும், மருந்து டின்னை ஓடையில் கழுவுவதையும், ஷொப்பிங் பையில் குப்பையைக் கட்டிக் கானில் போடுவதையும் நிறுத்தாமல் கீழே இருப்பவருக்குத் தண்ணீர் கொடுத்தோம் என்று பேச முடியாது. மருந்து அடிப்பது நிர்வாகத்தின் உத்தரவு. ஊற்றுக்கும் பீலிக்கும் கிட்ட அடிக்க வேண்டாம் என்று எழுத்தில் கேட்கலாம். கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை, மறுபடியும் கேட்போம்.

நன்றி சொல்வது வேறு, கைகட்டி நிற்பது வேறு. இதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் குழாய் வாங்கித் தந்தார் என்பதற்காக, தண்ணீர் யாரோ போடும் பிச்சை என்று நாம் நினைக்கத் தேவையில்லை. குடிநீரும் சுகாதாரமும் மனித உரிமை என்று 2010 ஜூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானம் போட்டிருக்கிறது. அதைவிட நமக்குக் கிட்ட உள்ள விஷயம் பிரதேச சபை. தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று நம்மைப் பல வருடம் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. இப்போது தோட்டத்துக்குள்ளும் பிரதேச சபை வேலை செய்யலாம். வாக்குக் கேட்டு வந்த உறுப்பினரிடம் இதைச் சொல்லி, கையோடு மனுவையும் கொடுங்கள். இரண்டு சங்கமும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் அதன் பாரமே வேறு.

வேலை பெரிய வேலையல்ல. தாங்கியின் மேல்குழாயிலிருந்து கீழ் டிவிஷனுக்கு ஏறக்குறைய 600 மீற்றர். முழுக்க இறக்கம், மோட்டார் வேண்டாம். இறக்கம் கூட என்பதால் நடுவில் ஒரு சிறு தொட்டி கட்டித் தண்ணீரின் வேகத்தைத் தணிக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் வெடிக்கும் என்று ஃபெக்டரியில் வேலை செய்த ஒரு ஃபிட்டர் அண்ணன் சொல்லியிருக்கிறார். கீழே 1,000 லீற்றர் தாங்கி மூன்று வேண்டும். ஒன்றுக்கு நம் சங்கக் கிளை பணம் தருகிறது. ஒன்றைத் தருவதாக மற்றச் சங்கத்தின் தோட்டத் தலைவர் சொல்லியிருக்கிறார். மூன்றாவதுக்கு இன்னும் வழியில்லை. ஊற்றை மூடிய பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும், அதற்கு மேற்பக்கம் மலசலகூடம் வரக் கூடாது, தாங்கியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குமிழ் விட்டுக் கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது விட்டு, ஆறவைத்துக் குடியுங்கள்.

மற்றத் தோட்டங்களில் உள்ள தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். ஒரு 20 லீற்றர் கேனும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு உங்கள் தாங்கியடிக்குப் போங்கள். எத்தனை செக்கனில் நிரம்புகிறது, எத்தனை பேர் குடிக்கிறார்கள், இரவில் வழிகிறதா, வழிந்தால் எங்கே போகிறது, உங்களுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று எழுதித் தோட்டத் தலைவர் அல்லது மாதர் சங்கத் தலைவி வழியாக எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் போடுவோம்.

எங்கள் கமிட்டி மறுபடியும் கூடுகிறது. இம்முறை அறிவித்தலை இரண்டு டிவிஷனிலும் ஒட்டியிருக்கிறோம். வாக்கெடுப்பு எப்படிப் போகும் என்று தெரியாது. பங்குனியைப் பற்றிப் பயந்த அந்த அண்ணன் நேற்றுப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். பிள்ளைகள் கணக்குப் போட்ட கொப்பியைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "90 செக்கன் சரியா பாத்தாங்களா?" என்று கேட்டார். மூன்று முறை பார்த்தார்கள் என்றோம். "நாலாந்தரம் நான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு தாங்கியடிக்கு ஏறிப் போனார்.